அச்சுக்குப் போகும் முன் அந்தப் படிவம்

பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய் வந்துவிட்டால், சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஊசியிலிருந்து தப்ப முடியாது. இந்தியாவில் அந்த ஊசி பெரும்பாலும் கேனமைசின். வாரத்தில் ஆறு நாள், ஆறு மாதம். நோய் அடங்காவிட்டால் ஒன்பது மாதம். ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய், ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வர வேண்டும். உட்காரவும் முடியாமல், மல்லாந்து படுக்கவும் முடியாமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வலியைவிடக் கொடியது காதுக்கு நேர்ந்தது. முதலில் இடைவிடாத இரைச்சல். பிறகு உச்சஸ்தாயி ஒலிகள் ஒவ்வொன்றாக மறையும். கடைசியில் எதிரே நிற்பவர் பேசுவதே கேட்காது. அப்படிப் போன செவித்திறன் திரும்புவதில்லை. உயிர் வேண்டுமானால் காதைக் கொடுக்கத்தான் வேண்டும் என்ற கணக்கை மருத்துவர்களும் வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

2018-இல் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிக் மென்சீஸும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, 25 நாடுகளில் நடந்த 50 ஆய்வுகளிலிருந்து 12,030 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகத் திரட்டினார்கள். ஆய்வுகளின் முடிவுகளைக் கூட்டிக் கழித்த வேலை அல்ல இது. ஒவ்வொரு நோயாளியும் ஒரு வரி. அவருடைய வயது, எடை, சளிப் பரிசோதனை, எந்தெந்த மருந்து, கடைசியில் என்ன ஆனார் என்பதெல்லாம் அந்த வரியில் இருக்க வேண்டும். லினசோலிட், பெடாகுவிலின், லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளைப் பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. கேனமைசினும் காப்ரியோமைசினும் போட்டுக்கொண்டவர்களோ, ஊசியே இல்லாத சிகிச்சை பெற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். காதைக் கொடுத்தும் பயன் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே முன்னறிவிப்பு வெளியிட்டு, 2019 வழிகாட்டியில் அந்த இரண்டு ஊசிகளையும் பரிந்துரையிலிருந்து நீக்கியது. இன்று இந்தியாவிலும் இந்த நோய்க்கு மாத்திரைகள் மட்டுமே கொண்ட சிகிச்சை வந்துவிட்டது.

அந்த 50 ஆய்வுகளில் எந்த ஒன்றாலும் தனியாக இதைச் சொல்லியிருக்க முடியாது. ஓர் ஆய்வில் நூறு பேர், இன்னொன்றில் இருநூறு பேர். ஒரே மருத்துவமனையில் எல்லாருக்கும் ஒரே ஊசியைப் போட்டிருந்தால், ஊசி போடாதவர்களோடு ஒப்பிடவே வழியில்லை. நாடு மாறி, வழக்கம் மாறி, மருந்து மாறியவர்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

நான் மருத்துவர் அல்ல. மருத்துவ ஆய்வுகளில் தரவு மேலாண்மை செய்கிறேன். நோயாளியிடம் கேட்டு நிரப்பும் படிவத்தை வடிவமைப்பதும், நிரப்பியவை கணினிக்குள் சரியாக ஏறுகின்றனவா என்று பார்ப்பதும், ஆய்வு முடிந்தபின் புள்ளியியலாளரின் கையில் கோப்பைக் கொடுப்பதும் என் வேலை. எங்கள் துறையில் அந்தப் படிவத்தை ‘சி.ஆர்.எஃப்.’ என்போம். மென்சீஸ் குழுவின் கட்டுரையை மருத்துவர்கள் முடிவுகளுக்காகப் படித்திருப்பார்கள். எனக்கு அதன் பின்னால் இருக்கும் உழைப்பு கண்ணில் பட்டது: ஐம்பது படிவங்கள், ஐம்பது விதமாகக் கேட்கப்பட்ட கேள்விகள்.

தரவுப் பகிர்வு என்றால் ஆய்வு முடிந்த பிறகு ஒரு கோப்பை அனுப்புவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அனுமதி கிடைத்ததா, பெயர்களை நீக்கினோமா, எந்த இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவது என்று கடைசிக் கட்டத்தில்தான் பேச்சு தொடங்குகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஒரு தரவு இன்னொன்றோடு சேருமா சேராதா என்பது, முதல் நோயாளி ஒப்புதல் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, வெற்றுப் படிவம் அச்சுக்குப் போகும் நாளில் முடிவாகிவிடுகிறது.

இரண்டு ஆய்வுகளின் கோப்புகளை அருகருகே திறந்தால் முதலில் வருபவை சில்லறைத் தொல்லைகள். ஒன்றில் ஆண் 1, பெண் 2. மற்றொன்றில் 0, 1. அதில் 0 யார் என்று சொல்லும் தரவு அகராதியை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். 03/04/2011 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை ஒருவர் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று, இடையே 88.4 மடங்கு. விடை தெரியாத இடத்தில் ஒருவர் 9 போடுவார், ஒருவர் 99 போடுவார், மூன்றாமவர் காலியாக விடுவார். இவற்றைப் பொறுமை இருந்தால் சரிசெய்துவிடலாம். பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி, அன்று அங்கே பணிபுரிந்தவர்களைத் தொலைபேசியில் பிடித்து, ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம். நேரம் போகும், உண்மை போகாது.

அடுத்து வருவதற்குத்தான் மருந்தே இல்லை. சளியை உருப்பெருக்கியில் பார்த்து, எத்தனை கிருமிகள் தென்படுகின்றன என்பதை வைத்து மிகச் சொற்பம், ஒரு கூட்டல், இரண்டு கூட்டல், மூன்று கூட்டல் என்று தரம் எழுதுவது ஆய்வகங்களின் வழக்கம். ஒரு படிவம் இந்தத் தரத்தை அப்படியே கேட்டிருக்கிறது. இன்னொரு படிவம் ‘கிருமி உண்டா, இல்லையா’ என்று மட்டும் கேட்டிருக்கிறது. இரண்டையும் சேர்க்க வேண்டுமானால் முதலாவதைச் சுருக்கி, எல்லாக் கூட்டல்களையும் ‘உண்டு’ என்று ஆக்க வேண்டும். இரண்டாவதை விரிக்க எந்த மென்பொருளாலும் முடியாது. ஆக, பத்து ஆய்வுகள் சேரும்போது அந்தச் சேர்க்கையின் தரம், பத்தில் மிக ஏழ்மையான படிவத்தின் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. மற்ற ஒன்பது இடங்களில் அக்கறையோடு எண்ணிப் பார்த்த ஆய்வக நுட்பர்களின் உழைப்பு அத்தனையும் வீணாகிறது. ஒவ்வொரு முறையும் இந்தச் சுருக்கும் கட்டளையை எழுதும்போது எனக்கு வயிறு எரியும்.

சரி, கிருமியை விடுவோம். நோய் குணமானதா என்பதாவது எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்குமே என்று தோன்றலாம். அதுவும் இல்லை. மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு 2005-இல் வகுத்த வரையறைப்படி, சிகிச்சையின் கடைசி 12 மாதங்களில் குறைந்தது ஐந்து முறை தொடர்ந்து, சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளராமல் இருந்தால்தான் குணம். 2013-இல் உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றியது: சிகிச்சையின் தொடக்கத் தீவிரக் கட்டம் முடிந்தபின், 30 நாள் இடைவெளியில், தொடர்ந்து மூன்று முறை வளராவிட்டால் போதும். 2021-இல் மறுபடியும் திருத்தினார்கள். இந்தத் திருத்தங்களுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் 2009-இல் ஒரு படிவத்தில் ‘குணமானார்’ என்ற கட்டத்தில் விழுந்த டிக் அடையாளமும், 2015-இல் இன்னொரு படிவத்தில் விழுந்த டிக் அடையாளமும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. கல்ச்சரை முட்டை கலந்த திட ஊடகத்தில் வளர்த்தார்களா, திரவ ஊடகத்திலா என்பதும் இதில் சேரும். திரவத்தில் கிருமி விரைவாகவும் கூடுதலாகவும் அகப்படும். ஆகவே திரவத்தைப் பயன்படுத்திய மருத்துவமனையில் நோயாளி ‘தாமதமாக’ குணமானதாகத் தெரியும்.

இதற்குத் தீர்வு எளிது. அதனால்தான் அது நடக்காமல் போவது இன்னும் வலிக்கிறது. முடிவை மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு கல்ச்சருக்கும் சளி எடுத்த தேதி, எந்த ஊடகம், என்ன விடை என்ற மூன்றையும் எழுதுங்கள். வரையறை எத்தனை முறை மாறினாலும், பத்து ஆண்டுகள் கழித்தும், புதிய வரையறைப்படி யார் குணமானார் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

காது விஷயத்துக்கு வருகிறேன். ஊசியால் செவித்திறன் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், அங்கேயும் இதே கதைதான். ஓர் ஆய்வில் நோயாளி தானாக ‘காது மந்தமாக இருக்கிறது’ என்று சொன்னால் மட்டும் எழுதுவார்கள். சொல்லாதவருக்குக் காது நன்றாக இருக்கிறது என்று கணக்கு. இன்னோர் ஆய்வில் கருவியால் செவித்திறனை அளந்து ஆடியோகிராம் எடுப்பார்கள். அமெரிக்கப் பேச்சு, செவிப்புலச் சங்கத்தின் அளவுகோலின்படி, ஏதேனும் ஓர் அலைவரிசையில் 20 டெசிபல், அல்லது அடுத்தடுத்த இரண்டு அலைவரிசைகளில் 10 டெசிபல் குறைந்தால் அது மருந்தின் பாதிப்பு. புற்றுநோய் ஆய்வுகளிலிருந்து வந்த அளவுகோலோ, அடுத்தடுத்த இரண்டு அலைவரிசைகளின் சராசரியில் 15 முதல் 25 டெசிபல்வரை குறைந்தால்தான் முதல் நிலை என்கிறது. ஒரே மனிதர், ஒரே காது. ஓர் அளவுகோலில் அவர் பாதிக்கப்பட்டவர், மற்றொன்றில் இல்லை. சிகிச்சை தொடங்குமுன் ஆடியோகிராம் எடுத்து வைக்காவிட்டால் இரண்டுமே பயனில்லை, ஏனென்றால் எதிலிருந்து குறைந்தது என்று சொல்ல ஆதாரம் இருக்காது. இத்தனை ஆயிரம் பேர் இழந்த ஒன்றை முழுமையாக எண்ணக்கூட முடியாத நிலையில் நம் படிவங்கள் இருந்தன.

மெட்ரிக் முறை வருவதற்கு முன் நம் ஊர்களில் படி ஒன்றாக இருந்ததில்லை. பட்டணத்துப் படி வேறு, உள்ளூர்ப் படி வேறு. நெல் விற்கப் போனவர் எந்தப் படி என்று கேட்டுக்கொண்டுதான் விலை பேசுவார். மருத்துவ ஆய்வில் இன்னும் அந்தக் காலம் முடியவில்லை. அதிலும் எந்தப் படி என்று யாரும் கேட்டுக்கொள்வதும் இல்லை.

இந்தச் சிக்கலைத் தலைக்காய ஆய்வாளர்கள் சற்று முன்பே எதிர்கொண்டார்கள். அவர்கள் வழி எனக்குப் பெரிய பாடம். 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜெனட்டும் உருவாக்கிய, நோயாளியின் சுயநினைவை அளக்கும் அளவுகோல் இன்று உலகத்தின் எல்லா அவசரப் பிரிவுகளிலும் இருக்கிறது: கண் திறப்பு, பேச்சு, அசைவு. மூன்றையும் கூட்டினால் 3 முதல் 15 வரை. இதைவிடப் பொதுவான அளவு ஏது என்று தோன்றும். ஆனால் எந்த நேரத்தில் அளந்தார்கள்? விபத்து நடந்த சாலையிலா, மருத்துவமனை வாசலிலா, மயக்க மருந்து கொடுத்த பிறகா? தொண்டையில் குழாய் வைத்தவரால் பேச முடியாது. அவருடைய பேச்சுக்கு ஒருவர் 1 போடுகிறார், இன்னொருவர் சோதிக்க இயலவில்லை என்று குறிக்கிறார். 1 என்றால் மூளை பேச்சை எழுப்பவில்லை என்று பொருள். குழாய் இருப்பது அதற்குச் சமமாகுமா? 2014-இல் இந்த அளவுகோலைப் புதுப்பித்தபோது, சோதிக்க முடியாததை எண்ணாக எழுத வேண்டாம் என்று டீஸ்டேலே வலியுறுத்தினார்.

ஆண்ட்ரூ மாஸ், ஆந்தனி மர்மரூ, கோர்டன் முர்ரே ஆகியோர் நடத்திய ‘இம்பாக்ட்’ திட்டம், எட்டு மருந்துச் சோதனைகளையும் மூன்று கண்காணிப்பு ஆய்வுகளையும் இணைத்து, 9,205 தலைக்காய நோயாளிகளை ஒரே தொகுப்பில் கொண்டுவந்தது. அதைக்கொண்டு, அடிபட்டு வந்தவர் ஆறு மாதத்தில் எந்த நிலையில் இருப்பார் என்று கணிக்கும் சூத்திரங்களை உருவாக்கினார்கள். அவற்றைச் சோதித்துப் பார்க்க வெளியிலிருந்து ஒரு பெரிய தொகுப்பு வேண்டுமே? ‘கிராஷ்’ ஆய்வு இருந்தது. 49 நாடுகள், 239 மருத்துவமனைகள், 10,008 நோயாளிகள். தலைக்காயத்துக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவந்த ஸ்டீராய்டு, இறப்பைக் குறைப்பதற்குப் பதில் கூட்டுகிறது என்று 2004-இல் நிறுவிய ஆய்வு அது: இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9. இம்பாக்ட் சூத்திரத்தின் அடிப்படைப் பகுதியை கிராஷ் தரவில் சோதித்தார்கள், அது நின்றது. ஆனால் ரத்தச் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் சேர்ந்த விரிவான பகுதியைச் சோதிக்க முடியவில்லை. கிராஷ் படிவத்தில் அந்த இரண்டு கேள்விகளும் இல்லை.

இதற்காக கிராஷ் ஆய்வாளர்களை நான் குறைசொல்ல மாட்டேன். படிவம் சுருக்கமாக இருந்ததால்தான் பத்தாயிரம் பேரைச் சேர்க்க முடிந்தது. நள்ளிரவில் விபத்து வார்டில் ஒரே ஒரு பயிற்சி மருத்துவர் நிற்கும் ஊர்களிலும் அந்த ஆய்வு நடந்தது. அவரிடம் நாற்பது பக்கப் படிவத்தை நீட்டினால் அவர் நோயாளியைப் பார்ப்பாரா, படிவத்தைப் பார்ப்பாரா? தரப்படுத்தல் என்று பேசத் தொடங்கும் குழுக்கள் சறுக்கும் இடமும் இதுதான். ஆளாளுக்கு ஒரு கேள்வியைச் சேர்த்து, கடைசியில் யாராலும் நிரப்ப முடியாத ஒன்றை உருவாக்கிவிடுகிறார்கள்.

இம்பாக்ட்டுக்காகப் பழைய தரவுகளைச் சேர்த்த அனுபவம், 2010-இல் அமெரிக்காவில் தலைக்காய ஆய்வுக்கான பொதுத் தரவுக் கூறுகள் வெளிவர ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. அந்நாட்டின் நரம்பியல் நோய்கள் நிறுவனமும் பாதுகாப்புத் துறையும் உள்ளிட்ட பல அமைப்புகள் சேர்ந்து செய்தவை. அவற்றில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ஒரே தகவலை மூன்று ஆழத்தில் சேகரிக்கலாம் என்று அந்த முதல் பதிப்பு வகுத்தது. வசதி குறைந்த மருத்துவமனை அடிப்படை அளவில் எழுதும். பெரிய ஆய்வகம் விரிவாக எழுதும். ஆனால் விரிவானதை எப்போது மடித்தாலும் அடிப்படை அளவு துல்லியமாகக் கிடைக்கும்படி கேள்விகளைக் கோத்திருந்தார்கள். எல்லாரும் ஒரே அளவு எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், எல்லாருடையதும் சேரும்படி செய்தார்கள்.

இங்கே ஒரு தயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பொதுப் படிவத்தை யார் எழுதுகிறார்கள்? தலைக்காயத்தின் நீண்டகால விளைவை அளக்கும் கிளாஸ்கோ நேர்காணலில், துணையின்றிக் கடைக்குப் போய்ப் பொருள் வாங்க முடிகிறதா, துணையின்றி ஊருக்குள் பயணம் செய்ய முடிகிறதா என்று கேட்கிறார்கள். அடிபடுவதற்கு முன்பே தனியாகக் கடைக்குப் போகாத, போக விடப்படாத பெண்மணிக்கு இந்தக் கேள்வியை எப்படிப் போடுவது? அந்த நேர்காணல், விபத்துக்கு முன் முடிந்ததா என்றும் கூடவே கேட்கிறது என்பது ஆறுதல். ஆனாலும் அவருடைய மீட்சியை அளக்க அந்த வீட்டில் சரியான கேள்வி வேறு: உலை வைத்துவிட்டு மறந்துபோகிறாரா? பால்காரனுக்கு மாதக் கணக்கைச் சரியாகச் சொல்கிறாரா? இதுபோலவே, ‘புகைபிடிப்பீர்களா’ என்று மட்டும் கேட்கும் இறக்குமதிப் படிவம், வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியை ‘புகையிலைப் பழக்கம் இல்லாதவர்’ என்று எழுதிவிடும். வயதைக் கேட்டால் முதியவர்கள் பலர் அறுபது, அறுபத்தைந்து என்று தோராயமாகச் சொல்வார்கள். பிறந்த தேதிக்குக் கட்டாயக் கட்டம் வைத்தால், செவிலியர் ஜனவரி 1 என்று போட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். இந்த ஊரில் படிவம் நிரப்புகிறவர்களைக் கூட்டத்தில் உட்காரவைக்காமல் எழுதிய எந்தத் தரமும் இங்கே நிற்காது. தரம் வேண்டாம் என்பதற்கு இதை வாதமாக ஆக்காதீர்கள். அதை எழுதும் மேசையில் நமக்கும் நாற்காலி வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நம் பக்கத்திலேயே அப்படி ஒன்று நடந்திருக்கிறது. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களும் சேர்ந்து 2013 வாக்கில் தொடங்கிய ‘ரிப்போர்ட் இந்தியா’ என்ற காசநோய் ஆய்வு வலையமைப்பில், சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. தொடக்கத்தில் ஒவ்வொரு மையமும் தனக்குப் பிடித்த கேள்வியைத் தன் வழியில் ஆராய்ந்தது. பிறகு எல்லாருக்கும் ஒரு பொது நெறிமுறை வந்தது: நோயாளிகள் ஒரு பிரிவு, அவர்கள் வீட்டில் உடன் வசிப்பவர்கள் ஒரு பிரிவு, அதே இடைவெளியில் அதே கேள்விகள், அதே முறையில் எடுத்துச் சேமிக்கும் ரத்தமும் சளியும். பிரேசில், தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளின் வலையமைப்புகளும் இதே அடிப்படையில் இயங்குகின்றன. புதுச்சேரியில் நிரப்பிய ஒரு வரி ரியோவில் நிரப்பிய ஒரு வரியோடு யாரும் மொழிபெயர்க்காமலே சேரும்.

நீரிழிவை எடுத்துக்கொண்டால் இதன் அருமை தெரியும். தமிழ்நாட்டில் காசநோயும் சர்க்கரையும் கைகோத்து வருபவை. ஆனால் ‘சர்க்கரை இருக்கிறதா’ என்று வாய்வழியாகக் கேட்டு எழுதுவது ஒன்று, வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்று அளந்து எழுதுவது வேறு, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் என்பது மூன்றாவது. போதாக்குறைக்கு, காசநோய் முற்றிய நிலையில் உடலின் நெருக்கடியால் சர்க்கரை தற்காலிகமாக ஏறும். சிகிச்சை தொடங்கிச் சில மாதத்தில் இறங்கிவிடும். எந்த வாரத்தில் அளந்தோம் என்று எழுதாவிட்டால், சர்க்கரை நோயே இல்லாதவரை நோயாளியாக்கிவிடுவோம்.

நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் மூத்த ஆய்வாளர் ஒருவர் மேசையைத் தட்டிக் கேட்டார்: “நாங்கள் பத்து வருஷம் வெயிலில் அலைந்து சேர்த்ததை, எங்கேயோ குளிர் அறையில் உட்கார்ந்திருப்பவர் ஒரே மாதத்தில் கட்டுரையாக்கிவிட மாட்டாரா?” அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. தரவு உலகின் ஏழைத் தெற்கு நாடுகளிலிருந்து பணக்கார வடக்கு நாடுகளுக்குப் போவதும், பெயர் வடக்கிலேயே நின்றுவிடுவதும் நடந்திருக்கிறது. ஆனால் பகிர்வதற்கு நேர்மையான வழிகளும் உண்டு. மென்சீஸ் குழுவின் காசநோய்த் தொகுப்பில் தரவு கொடுத்தவர்களும் கட்டுரையின் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்டு தொடங்கிய மலேரியா மருந்து எதிர்ப்பு வலையமைப்பும் தரவு கொடுத்தவர்களை ஆய்வுக் குழுக்களில் சேர்த்துக்கொள்கிறது. இந்த நிபந்தனையை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மூடி வைத்துக்கொள்வது அதைவிட நல்ல வழி என்று எனக்குத் தோன்றவில்லை. வெயிலில் அலைந்தவர்கள் நாம் மட்டும் அல்ல. காய்ச்சலோடு வரிசையில் நின்று சளிக் குப்பியை நீட்டிய நோயாளியும் அலைந்தார். அவர் அதை ஓர் ஆய்வாளரின் அலமாரிக்காகக் கொடுக்கவில்லை.

அந்த நோயாளியின் ஒப்புதலும் தொடக்கத்திலேயே பேச வேண்டிய விஷயம்தான். ‘இந்த ஆய்வுக்கு மட்டும்’ என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருந்துவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல நோக்கமானாலும் கதவு அடைத்துவிடும். 2019 முதல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கும் மருந்துச் சோதனைகள், தரவைப் பகிரும் திட்டத்தைப் பதிவின்போதே சொல்ல வேண்டும் என்று மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு விதித்திருக்கிறது. நம் நாட்டுப் பதிவேடும் இதைக் கேட்கிறது. பலரும் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிட்டு நகர்கிறார்கள்.

பெரிய வலையமைப்புகளைப் பற்றிப் பேசும்போது, இது நமக்கு எட்டாத விஷயம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கு உண்மையான ஆதங்கம் மிக அருகில் இருக்கும் ஒன்றைப் பற்றித்தான். தமிழ்நாட்டில் எம்.டி. படிக்கும் ஒவ்வொரு மருத்துவரும் ஓர் ஆய்வேடு எழுதுகிறார். அதன் பின்னிணைப்பில் ‘புரோஃபார்மா’ என்ற படிவமும், நோயாளிகளின் விவரங்கள் வரிவரியாக அடங்கிய ‘மாஸ்டர் சார்ட்’டும் இருக்கும். பாம்புக்கடியைப் பற்றிய ஆய்வேடுகளை ஒருமுறை வரிசையாக எடுத்துப் படித்தேன். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-இல் வெளிவந்த மதிப்பீடு சொல்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குமான விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருபவர்கள் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். இந்த நோயைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல நம்மிடம் இருப்பதுபோல் அனுபவம் உள்ள இடங்கள் குறைவு.

அந்த மாஸ்டர் சார்ட்டுகளைச் சேர்த்துவிடலாம் என்ற ஆசையோடு உட்கார்ந்தேன். ஒருவர், கடித்ததிலிருந்து மருத்துவமனைக்கு வந்த நேரத்தை ஒரு மணிக்குள், ஒன்று முதல் நான்கு, நான்குக்கு மேல் என்று பிரித்திருந்தார். அடுத்தவர் இரண்டுக்குள், இரண்டு முதல் ஆறு, ஆறுக்கு மேல். மூன்றாமவர் ‘தாமதம்: ஆம், இல்லை’. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைக்கும் சோதனையை ஒருவர் ஒருமுறை செய்ததாக எழுதுகிறார். எப்போது என்று இல்லை. விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி என்று எல்லாரும் எழுதுகிறார்கள், முதல் குப்பி எந்த நேரத்தில் ஏறியது என்று எழுதுவோர் குறைவு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பகுதியில் வரையறையே இல்லாத ஆய்வேடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் அக்கறையோடு எழுதியது. இரவுப் பணிக்கு நடுவே, ஒரு இளம் மருத்துவர் கண்விழித்துச் சேர்த்தது. ஆனால் இரண்டைக்கூடச் சேர்க்க முடியவில்லை. பட்டம் வாங்கியதோடு அந்த நோயாளிகளின் கதை முடிந்துபோகிறது.

பாம்புக்கடிக்கு இதைச் சரிசெய்யப் பெரிய நிதியோ வெளிநாட்டுத் துணையோ வேண்டியதில்லை. இருபது கேள்விக்குள் ஒரு பொதுப் பகுதி போதும். அதற்குமேல் ஆய்வேடு எழுதுபவர் தன் விருப்பம்போல் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளட்டும். கடித்த நேரம், வந்த நேரம், முதல் குப்பி ஏறிய நேரம் ஆகிய மூன்றும் தேதியோடு, கடிகார நேரமாகவே இருக்கட்டும். பிரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நேரம் ஊகம்தான் என்றால் ஊகம் என்று குறிக்க ஒரு கட்டம். பாம்பை யார் அடையாளம் சொன்னார்கள்: கொண்டுவந்தார்களா, கைபேசியில் படம் இருந்ததா, நோயாளி வாய்மொழியா? கண்ணாடிக் குழாய்ச் சோதனை ஒவ்வொரு முறையும், நேரத்தோடு. இமை சரிந்ததா, மூச்சுக் கருவி தேவைப்பட்டதா, எத்தனை மணி நேரம்? கிரியேட்டினின் எண்ணாகவும் அதன் அலகோடும். கயிறு கட்டியிருந்தார்களா, நாட்டு மருந்து கொடுத்தார்களா? கடைசியில் வீட்டுக்குப் போனாரா, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டாரா, இறந்தாரா, எந்தத் தேதியில்? மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர் பிழைத்துவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது என்பதால் அதற்குத் தனிக் கட்டம் அவசியம்.

பொது மருத்துவம், அவசர மருத்துவத் துறைகளில் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் பேராசிரியர்கள் யாரேனும் இதைப் படித்தால், இந்தப் பட்டியலை வெட்டியும் கூட்டியும் திருத்துங்கள். அடுத்த கல்வியாண்டில் தலைப்புகள் நெறிமுறைக் குழுவுக்குப் போவதற்கு முன் இரண்டு மூன்று கல்லூரிகள் ஒத்துக்கொண்டாலே தொடங்கிவிடலாம். தரவு அகராதியை எழுதித் தருவதும், படிவத்தைக் கணினியில் ஏற்றித் தருவதும், இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் நிரப்பிப் பார்ப்பதும் என் பொறுப்பு. எழுதுங்கள்.